வானம் தெளிவு என்றொரு முத்திரை

அத்தியாயம் ஒன்பது

கதவு சாத்தும் சத்தம் கேட்கவில்லை. கொழுந்தனுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

உலகத்தில் எந்தக் கதவும் சாத்தும்போது ஏதாவது சொல்லும். வீட்டுக் கதவு முனகும். ஆபீஸ் கதவு செருமும். அண்ணி கோபத்தில் சாத்தும் கதவு மூன்று தெருவுக்கு அறிக்கை விடும். இந்தக் கதவோ, மிரட்டி வைத்த சாட்சி மாதிரி வாயைத் திறக்காமல் மூடிக்கொண்டது.

“அண்ணி, முனைவர் ஐயா வெளிய போனாரே… கதவைச் சாத்திட்டுப் போனாரா, பூட்டிட்டுப் போனாரா?”

“தள்ளிப் பாரேன் தம்பி.”

தள்ளினான். தோளால் இடித்தான். காலால் உதைத்துவிட்டு, உதைத்த காலைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் இரண்டு சுற்று வந்தான்.

“பூட்டிட்டுத்தான் போயிருக்காரு. பெரிய மனுஷன் இல்லையா, நாம வெயில்ல அலையக் கூடாதுன்னு அக்கறை.”

அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. மேசைமேல் விரிந்திருந்த பதிவேட்டில் விரலை ஊன்றியபடி நின்றாள். இருபத்திரண்டு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் குறித்தவள் அவள். மீட்டரைப் பார்க்க அரை நிமிஷம், வீட்டைப் பார்க்க மீதி நேரம். எந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை, எந்த மீட்டரின் முதுகில் அதை ஏமாற்றும் காந்தம் ஒட்டியிருக்கிறது என்பதெல்லாம் அத்துப்படி. வேலையை விட்டதும் வீட்டு முன்னறையில் ‘துப்பறியப்படும்’ என்று பலகை மாட்டினாள். கொழுந்தனுக்கு வயது முப்பத்தொன்பது. இன்சூரன்ஸ் விற்றுப் பார்த்தான், வண்ண மீன் விற்றுப் பார்த்தான். மீன்களாவது கடைசியில் மிதந்தன. அதற்கப்புறம் அண்ணிக்கு உதவியாளன் ஆனான். அவள் புருஷன், அதாவது இவன் கூடப்பிறந்த அண்ணன், இந்த ஏற்பாட்டுக்குச் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த மனிதர் எதற்கும் எதுவும் சொல்பவரில்லை.

இப்போது இருவரும் நிற்பது ஒரு தகரப் பெட்டிக்குள். கப்பலில் சரக்கு ஏற்றுகிற பெட்டி. அதை ஊர்க்கோடியில், உயர் அழுத்த மின்கம்பிகளைச் சுமக்கும் கோபுரத்தடியில் இறக்கி, உள்சுவர் முழுக்க முட்டை அட்டை மாதிரி மேடும் பள்ளமுமான பஞ்சை ஒட்டி, ‘ஒலி ஆய்வு மையம்’ என்று பெயர் சூட்டியிருந்தது மின்பாதைக் கம்பெனி. ஜன்னல் கிடையாது. கம்பிகள் எழுப்பும் சத்தத்தை அளக்க வெளியே ஒரு கம்பத்தில் மைக், உள்ளே கருவிகள். வெளியே எறும்பு தும்மினாலும் உள்ளே ஹெட்போனில் கேட்கும். உள்ளே யானை பிளிறினாலும் வெளியே கேட்காது.

அந்தக் கடைசி விஷயம் கொழுந்தனுக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

கோபுரத்திலிருந்து ஐம்பதடி தள்ளி, தெருவின் கடைசி வீட்டில் ஒரு தையல்காரர். மழையிலும் பனியிலும் கம்பி பொரிந்து தள்ளுகிறது, கண் மூட முடியவில்லை, மறுநாள் ஊசியில் நூல் கோக்கக் கை நடுங்குகிறது என்று ஐந்து வருஷத்தில் நாற்பத்தொரு புகார் எழுதியவர். நாற்பத்தொன்றுக்கும் ஒரே பதில் வந்தது. ‘ஆய்வு செய்தோம். வானம் தெளிவு. ஒலி 38 டெசிபெல். தாங்கள் காது மருத்துவரை அணுகுவது நலம்.’

வியாழக்கிழமை மாலை ஐந்தேகாலுக்கு, இங்கே தினமும் ஒலி அளக்கும் அளவுக்காரர் இந்தப் பெட்டிக்குள் மண்டை உடைந்து கிடந்தார். ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை. அவருடைய பதிவுக் கருவியில் ஒரு குரல் இருந்தது. தையல்காரருடைய குரல். “உங்க மண்டையை உடைச்சாத்தான்யா இந்தச் சத்தம் நிக்கும்!” பதிவான தேதி வியாழன், நேரம் ஐந்து பத்து. அதைக் கண்டெடுத்து இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தவர் கம்பெனியின் ஒலி நிபுணரான முனைவர். இன்று சனி. நாலு மணிக்கு முனைவர் ஸ்டேஷனில் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுவார். ஐந்து மணிக்குத் தையல்காரரை நீதிபதிமுன் நிறுத்தி, அங்கிருந்து நேரே ஜெயில்.

அண்ணி அந்தப் பதிவை ஸ்டேஷனில் மூன்று தடவை கேட்டாள். குரலை விட்டுவிட்டுக் குரலுக்குப் பின்னால் இருந்ததைக் கேட்டாள். சொர்ர்ரென்று, காய்ந்த எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரி, கம்பி பொரிந்துகொண்டிருந்தது. “வியாழக்கிழமை நான் போட்ட துணியெல்லாம் மொறுமொறுன்னு காஞ்சுதுங்க,” என்றாள் தையல்காரர் பெண்டாட்டி. “இவங்க சண்டை போட்டது திங்கக்கிழமை தூறல்ல. யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க.” இன்னொன்றும் சொன்னாள். அளவுக்காரர் எதைப் பதிவு செய்தாலும் முதலில் மைக்கடியில் நின்று நாள், நேரம், வானிலை மூன்றையும் உரக்கச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பாராம். மந்திரம் மாதிரி. இந்தப் பதிவில் அது இல்லை. தலையில்லாத முண்டம்.

அந்தத் தலையைத் தேடித்தான் அண்ணி இங்கே வந்தாள்.

முனைவர் வாசலிலேயே வரவேற்றார். மூன்று மடிப்பாக விரியும் விசிட்டிங் கார்டு கொடுத்தார். பட்டங்கள் இரண்டு மடிப்பைத் தின்றது போக மூன்றாவதில் பெயர் ஒதுங்கியிருந்தது. “கருவிகளின் நுண்ணுணர்வு கருதி,” என்று ஒரு தட்டை நீட்டி இருவர் செல்போனையும் வாங்கிக்கொண்டார். பேச்சு மேடையில் பேசுவது போலத்தான் வரும் அவருக்கு. தும்மினால்கூடத் தூய தமிழில் தும்முவார் என்று கொழுந்தன் நினைத்தான். எல்லாம் நன்றாகத்தான் போனது, அண்ணி பதிவேட்டைப் புரட்டும்வரை.

ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் நீல மையில் ஒரே ரப்பர் முத்திரை: வானம் தெளிவு. ஒலி 38.

“திங்கக்கிழமைக்கும் தெளிவுன்னு போட்டிருக்கே ஐயா? அன்னிக்குத் தூறிக்கிட்டே இருந்துச்சே. நம்ம இன்ஸ்பெக்டர்கூட வண்டியோட சறுக்கி விழுந்து முட்டியில கட்டோட நொண்டுறாரு.”

“அம்மையீர், தெளிவான வானிலையில் செய்யப்படுவதே ஆய்வு. வானிலை தெளிவாக இல்லையெனில் அது வானிலையின் குறைபாடு.”

அண்ணி தலையாட்டிக்கொண்டே அடுத்தடுத்த தாளைத் திருப்பினாள். வியாழன், வெள்ளி, இன்று. இன்னொரு தாள். நாளைக்கும் முத்திரை விழுந்திருந்தது. நாளன்றைக்கும். மாதக் கடைசிவரை வானம் தெளிவு.

“பரவாயில்ல, குடை வாங்குற செலவு மிச்சம்,” என்றான் கொழுந்தன்.

முனைவர் சிரித்தார். “மூல ஒலிப்பதிவு காரில் இருக்கிறது. கொண்டு வருகிறேன்,” என்று வெளியே போனார்.

போனவர்தான்.

இப்போது ஏசியின் முனகலும் நின்றது. அதன் சுவிட்ச் வெளிச்சுவரில் இருந்ததை உள்ளே வரும்போதே அண்ணி பார்த்திருந்தாள்.

“மணி என்ன தம்பி?”

“ரெண்டேகால். திங்கக்கிழமை காலைல ‘அடடா, கதவு சிக்கிக்கிச்சா’ன்னு வருவாரு. அதுக்குள்ள நாம ரெண்டு பேரும் வத்தலாயிருப்போம். அவரு நம்ம மேலயும் ‘தெளிவு’ன்னு முத்திரை குத்திடுவாரு.”

“வாயை மூடு. காத்து வீணாகுது.”

அரைமணி நேரத்தில் கொழுந்தனின் சட்டை முதுகோடு ஒட்டியது. வெயிலில் காய்ந்த தகரம் பஞ்சு வழியாகச் சூட்டைக் கசியவிட்டது. அவன் கத்திப் பார்த்தான். கத்தல் வாயை விட்டு ஒரு முழம் போய்ப் பஞ்சில் விழுந்து செத்தது. நாற்காலியைத் தூக்கிக் கதவில் அடித்தான். நாற்காலிதான் கால் இழந்தது. சொந்தக் குரலே காதுக்குத் திரும்பி வராத அறையில் இருப்பது, கிணற்றுக்குள் பஞ்சு மூட்டையோடு விழுந்தது மாதிரி இருந்தது. அவனுடைய ஜோக்குகள் ஒவ்வொன்றாக வற்ற ஆரம்பித்தன.

அண்ணி கருவிகள் முன்னால் உட்கார்ந்து, மீட்டர் பார்க்கிற பழைய பார்வையில் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எண் காட்டும் சின்னக் கண்ணாடிகள் இரண்டு. ஒன்றின் கீழே ‘மைக்’, இன்னொன்றின் கீழே ‘பலகை’.

“பலகைன்னா நாற்சந்தியில இருக்கே, அதானே அண்ணி?”

ஸ்டேஷனுக்கு நேர் எதிரே, ஆளுயர எண்களில் மின்னும் பலகை. ‘மின்பாதையின் ஒலி இந்த நொடியில்: 38. அமைதியே எங்கள் அடையாளம்.’ ஐந்து வருஷமாக அந்த நொடி நகரவே இல்லை. ஊரில் நடக்காத காரியத்துக்கு, ‘முப்பத்தெட்டு மாறட்டும், பாக்கலாம்’ என்று சொல்லும் வழக்கமே வந்துவிட்டது.

“இங்க வந்து இதைப் படி,” என்றாள் அண்ணி.

இரண்டு கண்ணாடிக்கும் நடுவே ஒரு சுவிட்ச். அதன் மேல்பக்கம் பென்சிலில் அளவுக்காரர் எழுதியிருந்தார்: ஐயா. கீழ்ப்பக்கம்: நிஜம். சுவிட்ச் மேலே பார்த்து நின்றது. ஓரத்தில் அதே பென்சிலில் பொடி எழுத்து. ‘வெயில் 38. விடிகாலைப் பனி 57. தூறல் 61. மழை விட்டு ஒரு மணி வரை 55.’ அதற்கும் கீழே, அழுத்தி எழுதியதில் முனை உடைந்திருந்தது: ‘அடுத்த மழைக்கு நிஜத்தில் வைப்பேன். ஐயாவிடம் வியாழன் சொல்லிவிட வேண்டும்.’

கொழுந்தன் இரண்டு தடவை படித்தான். “சொல்லியிருக்காரு, பாவம். சொல்லிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காரு.”

“உம்.”

“ஆனா அண்ணி, மழைக்கும் கம்பிக்கும் அப்படி என்ன பகை?”

“காஞ்ச கம்பி வழவழன்னு இருக்கும். உள்ள எவ்வளவு மின்சாரம் இருந்தாலும் பேசாது. நனைஞ்சா அடியில சொட்டுச் சொட்டா தண்ணி தொங்கும். ஒவ்வொரு சொட்டும் ஒரு முனை. முனை கிடைச்சா மின்சாரம் காத்துக்குள்ள கசியப் பாக்கும். அந்தக் கசிவுதான் பொரியுது. லட்சம் சொட்டு, லட்சம் பொரி.”

“அப்ப சுவிட்சைத் தள்ளுங்க! ஊரே பாக்கட்டும்!” அவனே பாய்ந்து சுவிட்சைக் கீழே தள்ளினான்.

பலகை: 38.

மேலே தள்ளினான். 38. கீழே. 38. மேலே. 38.

“வெயில் நாள்ல நிஜமும் பொய்யும் ஒரே நம்பர் தம்பி,” என்றாள் அண்ணி. “முனைவரு அஞ்சு வருஷம் பொழைச்சது அதுலதான்.”

கொழுந்தன் தரையில் உட்கார்ந்துவிட்டான். வரும்போது மேற்கே ஒரு மேகம் இருந்ததா? இருந்தது. இல்லை, அது செங்கல் சூளைப் புகையா? ஞாபகமில்லை. மேலே வானம் என்ன செய்கிறது என்று இந்தப் பெட்டிக்குள்ளிருந்து கடவுளுக்கே தெரியாது.

அண்ணி ஹெட்போனின் ஒரு காதைத் தன் காதிலும் மற்றதை அவன் காதிலும் திருப்பி வைத்தாள். இருவரும் தலையோடு தலை முட்டி உட்கார்ந்தார்கள். ஒரு காகம். தூரத்தில் சைக்கிள் மணி. அப்புறம் ‘டகடகடக’ என்று ஒரு தையல் மிஷின்.

“அவங்கதான்,” என்றான் கொழுந்தன். “ஐம்பதடி. எழுந்து நாலு எட்டு வைச்சா வந்துடலாம். நமக்கு அவங்க நூல் கடிக்கிறது கேக்குது. நாம கத்துறது அவங்களுக்குக் கேக்கல.”

“புருஷன் லாக்கப்புல இருக்கான். இவ தைக்கிறா பாரு. கை சும்மா இருந்தா அழுகை வந்துடும்னு தைக்கிறா.”

மூன்று மணி. மூன்றேகால். காற்று ஊறவைத்த துணி மாதிரி கனத்தது. அண்ணி புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டே இருந்தாள். பாதி வீச்சு அவனுக்கு வந்தது. அதை அவள் வேண்டுமென்றே செய்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தபோது, முனைவரின் விசிட்டிங் கார்டை மூன்று மடிப்பும் விரித்து அவள் பக்கம் விசிறினான்.

“அண்ணி. இங்கேயே முடிஞ்சுபோச்சுன்னா, அண்ணன் ஏதாவது சொல்லுவாரா?”

“யோசிப்பாரு.”

மூன்றரை. முனைவர் இந்நேரம் ஸ்டேஷனில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து பேனா மூடியைத் திறந்திருப்பார். மூடியைக்கூட மரியாதையாகத் திறக்கிற கை.

தையல் மிஷின் சட்டென்று நின்றது.

காலடி. வேகமான காலடி. கொடிக் கம்பி அதிர்கிற சத்தம். ‘டப், டப், டப்’ என்று கிளிப்புகள் கழன்றன.

அண்ணி நிமிர்ந்தாள். “துணி எடுக்கிறா.”

“காஞ்சிருக்கும்.”

“காஞ்ச துணியை யாராவது ஓடி வந்து எடுப்பாங்களா?”

இருவரும் மூச்சை அடக்கினார்கள். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் எங்கோ உயரத்தில், ரகசியம் சொல்ல வாய் திறந்த மாதிரி, ஒரு ‘ச்…’. இன்னொன்று. இரண்டும் சேர்ந்து நூலாக நீண்டு, நூல் கயிறாகத் திரண்டு, தலைக்கு மேல் முழுக் கம்பியும் சொர்ர்ரென்று பொரிய ஆரம்பித்தது. அந்தச் சனியன் பிடித்த சத்தத்தைக் கேட்டு ஊரில் முதன்முதலாகச் சந்தோஷப்பட்டவன் கொழுந்தன்தான்.

மைக்: 44. 52. 58. 61.

“தள்ளு!”

தள்ளினான். பலகை: 61. நாற்சந்தியில் ஐந்து வருஷமாகச் செத்துக்கிடந்த எண் எழுந்து உட்கார்ந்தது.

“மேல தள்ளு. இப்ப கீழ. மூணு தடவை மேல, மூணு தடவை கீழ. நிறுத்தி, மறுபடியும்.”

“எதுக்கு? அறுபத்தொண்ணுல விட்டாலே தெரியுமே?”

“அறுபத்தொண்ணுன்னு நின்னா மிஷின் கோளாறும்பான். கணக்கா மூணு தடவை ஆடினா, உள்ள ஒரு கை இருக்குன்னு அர்த்தம்.”

38, 61, 38, 61, 38, 61. நிறுத்தம். கொழுந்தன் வாழ்க்கையிலேயே அவ்வளவு ஒழுங்காக ஒரு வேலையைச் செய்ததில்லை. விரல் மரத்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. நாலு மணி அடித்து நாலு நிமிஷம் ஆனபோது ஹெட்போனில் ஒரு ஜீப் வந்து நின்றது.

நொண்டுகிற காலடி ஒன்று. டக்டக்கென்ற பூட்ஸ் ஒன்று.

“வெறும் கருவிக் கோளாறு, இன்ஸ்பெக்டர். தாங்கள் காலோடு சிரமப்பட்டு வந்திருக்க வேண்டாம்.”

“அஞ்சு வருஷமா மாறாத நம்பர் மாறியிருக்கு சார். ஸ்டேஷன் வாசல்ல கூட்டம் கூடிடுச்சு. டீ குடிச்சிட்டு இருந்தவன் கிளாஸைக் கீழ போட்டுட்டான். உள்ள யாரு?”

“எவருமில்லை. தானியங்கி.”

“தானியங்கி மூணு மூணா எண்ணுமா? சாவி குடுங்க.”

“சாவி தலைமை அலுவலகத்தில்…”

“உங்க பாக்கெட்டுல ஏதோ குலுங்குதே.”

கொழுந்தன் ஓடிப்போய்க் கதவருகே நின்றான். அண்ணி ஓடவில்லை. பதிவுக் கருவியின் சிவப்புப் பொத்தானை அழுத்தி, அதில் விளக்கு எரிகிறதா என்று நிதானமாகப் பார்த்துவிட்டு, பதிவேட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள்.

கதவு திறந்தது. தூறல் காற்று முகத்தில் அடித்தபோது கொழுந்தனுக்கு அழுகையே வந்தது.

“அடடா! கதவு சிக்கிக்கொண்டதா? நான் கவனிக்கவே…” என்று முனைவர் பதறினார். அவருக்கு அது நன்றாகவே வந்தது.

அண்ணி அவரைத் தாண்டிப் போய், மைக் கம்பத்தடியில் நின்று, தலையை உயர்த்தி உரக்கச் சொன்னாள்: “சனிக்கிழமை. நாலு மணி பத்து நிமிஷம். தூறல்.”

“வெப்பத்தில் அம்மையாருக்குச் சித்தம் கலங்கிவிட்டது போலும்,” என்றார் முனைவர்.

“ஆமாங்க ஐயா, கொஞ்சம் கிறுகிறுன்னுதான் இருக்கு. நீங்க படிச்சவரு. ஒரு சந்தேகம்.” அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “பலகையில அறுபத்தொண்ணுன்னு காட்டுதாம். அப்ப உங்க முப்பத்தெட்டு பொய்யின்னு ஊர்ல சிரிக்கிறாங்களாம். மெய்தானா?”

முனைவரின் நெஞ்சு நிமிர்ந்தது. இந்த மாதிரி கேள்விக்கு அவர் பதில் சொல்லாமல் இருந்தால்தான் அதிசயம்.

“அறியாமை! இன்ஸ்பெக்டர், தாங்களும் குறித்துக்கொள்ளுங்கள். இவ்வோசை கம்பியில் நீர்த்துளி தங்கும்போது மட்டுமே எழுவது. வறண்ட நாளில் குண்டூசி விழுந்தாலும் கேட்கும். என் முப்பத்தெட்டு வறண்ட வானிலைக்கானது. அறிவியல் பொய்க்காது!”

“வறண்ட நாள்ல பொரியவே பொரியாதா?”

“ஒருபோதும் இல்லை!”

“வியாழக்கிழமை வறண்ட நாள்தானே ஐயா? உங்க முத்திரையே இருக்கு, பாருங்க.”

“ஐயமென்ன? வானம் தெ…”

வார்த்தை பாதியில் நின்றது. இன்ஸ்பெக்டர் அதற்குள் தன் செல்போனை எடுத்து, முனைவர் கொடுத்த அந்தப் பதிவை ஓடவிட்டிருந்தார். தையல்காரரின் குரல் கத்தியது. குரல் முடிந்த பிறகும் பொரியல் நீண்டது. செல்போனிலிருந்து வந்த சொர்ர் எது, தலைக்கு மேல் கம்பியிலிருந்து வந்த சொர்ர் எது என்று பிரிக்க முடியவில்லை.

“வியாழக்கிழமை அஞ்சு பத்துன்னு சொன்னீங்க சார்,” என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக. அவர் மெதுவான மனிதர்தான். ஆனால் போய்ச் சேர்ந்துவிடுவார்.

“அது… சில வேளைகளில் வறண்ட நாளிலும்…”

“பொரியுமா?” அண்ணி பதிவேட்டை விரித்தாள். “பொரியும்னா, இந்த முத்திரை அத்தனையும் பொய். நாப்பத்தொரு தடவை அந்த மனுஷனைக் காது டாக்டர்கிட்ட போகச் சொன்னதும் பொய். பொரியாதுன்னா, இந்தப் பதிவு வியாழக்கிழமையோடது இல்ல, திங்கக்கிழமைத் தூறலோடது. எது வேணும்னு நீங்களே எடுத்துக்குங்க.”

“திங்களன்றும் வானம் தெளிவு! பதிவேட்டில்…”

இன்ஸ்பெக்டர் குனிந்து தன் முட்டிக் கட்டைத் தடவினார்.

முனைவர் பின்னால் ஓரடி வைத்தார். முதுகில் தகரப் பெட்டி இடித்தது. ஒரு பக்கம் கொழுந்தன், இன்னொரு பக்கம் ஜீப், தலைக்கு மேல் கம்பி. இருதலைக் கொள்ளி எறும்புக்காவது இரண்டு பக்கம் ஓடிப் பார்க்க இடமுண்டு.

“தேதியை மாத்தலாம் ஐயா. பதிவோட தலையை வெட்டிடலாம்,” என்றாள் அண்ணி. “பின்னால பெய்யிற மழையை என்ன பண்ணுவீங்க? அவரு சுவிட்சைத் தள்ளப்போறேன்னு உங்ககிட்ட வந்து சொன்னாரு. நீங்க அவரு மண்டையில…”

“நான் அடிக்கலைங்க!” முனைவரின் தூய தமிழ் பொலபொலவென உதிர்ந்தது. “சத்தியமா அடிக்கல! சுவிட்சை விடுடான்னு தள்ளினேன், அவ்வளவுதான். அவன் போய் மேசை முனையில விழுந்தான். நான் என்ன பண்ணுவேன்? அடுத்த மாசம் எனக்கு விருது குடுக்கிறாங்க, அமைதிக்கு!”



“நான் எதுவும் சொல்லலை,” என்றார் முனைவர், தன் குரலையே அப்போதுதான் கேட்டவர் போல. “இதுக்கு சாட்சி கிடையாது.”

அண்ணி மைக் கம்பத்தைக் காட்டினாள். திறந்த கதவு வழியாக உள்ளே சிவப்பு விளக்கு எரிவது தெரிந்தது.

“பதிவாகுது இன்ஸ்பெக்டர். நாள், நேரம், வானிலை எல்லாம் முதல்லயே சொல்லியாச்சு. இதுக்குத் தலை இருக்கு.”

இன்ஸ்பெக்டர் ஜீப்பின் கம்பியில்லாப் பேசியை எடுத்து, தையல்காரரை நீதிபதி வீட்டுக்கு ஏற்ற வேண்டாம், டீ வாங்கிக் கொடுங்கள் என்றார். வேலிக்கு அந்தப் பக்கம், மடிக்காத துணிக்குவியலை மார்போடு அணைத்தபடி தையல்காரர் பெண்டாட்டி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

“அவரு எப்பங்க வருவாரு?”

“ஆறு மணிக்குள்ள வந்துடுவாரும்மா.”

அவள் தலையாட்டினாள். மேலே கம்பியைப் பார்த்தாள். “வந்த உடனே இதுக்கும் ஒரு புகார் எழுதுவாரு,” என்றாள். அப்புறம் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஜீப்பில் முன்னிருக்கையில் முனைவர் வழக்கப்படி ஏறப்போக, இன்ஸ்பெக்டர் பின்னால் கைகாட்டினார்.

திரும்பி நடக்கும்போது கொழுந்தன் தூறலுக்கு வாயைத் திறந்துகொண்டே வந்தான். நாற்சந்தியில் கூட்டம் இன்னும் கலையவில்லை. பலகையில் 61 அசையாமல் நின்றது.

“அண்ணி, ஒரு கஷ்டம் ஆயிடுச்சே. முப்பத்தெட்டு மாறிடுச்சு. இனி நடக்காத காரியத்துக்கு ஊர்ல என்ன சொல்லுவாங்க?”

அண்ணி நனைந்த பதிவேட்டைத் தலைக்கு மேல் குடையாகப் பிடித்துக்கொண்டாள்.

“உங்க அண்ணன் வாயைத் திறக்கட்டும், பாக்கலாம்னு சொல்லுவாங்க.”